அழுகை மாடி இடிக்கப்பட்ட விவரம்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா, என் வலது மணிக்கட்டு ஆகிய மூவரும் நலம். இடது மணிக்கட்டு கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும். அங்கே நீயும் உன் மனைவியும், உங்கள் சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும் வயர்களும் நலமாயிருக்க விரும்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்களெல்லாம் உன் அக்கா கட்சி. நான் குளியலறைக்குள் போய்க் கிசுகிசுத்தாலும் அவள் அடுப்படியிலிருந்து பதில் சொல்கிறாள். அதனால் அவள் வேலைக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு, தட்டச்சுச் செய்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மணிக்கட்டு வலிக்காக நீ ஆசை ஆசையாய் உன் கையாலேயே செய்து அனுப்பினாயே, நடுவில் இரண்டாகப் பிளந்த கீபோர்டு, அதைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கீபோர்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் அதில் எந்த எழுத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நீ என்னிடம் சொன்னதில்தான் இருக்கிறது. என்னைப் போன்ற ஆளிடம் அப்படிச் சொல்லலாமா? தோத்துட்டேன்னு சொல்றதுக்குக்கூட உனக்கு என் உதவி வேணும், இல்ல?

மன்னிக்கவும். அந்தக் கடைசி வரி நான் எழுதியதல்ல. கட்டைவிரல் எங்கேயோ பட்டுவிட்டது, தானாக வந்து விழுந்தது. அழிக்கலாம் என்று பார்த்தேன், அழிக்கும் பட்டனை எங்கே வைத்தேன் என்பது இந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் பார்சலைப் பிரித்த அன்று, பொருள் உடைந்து வந்திருக்கிறது என்று நினைத்து நான் அஞ்சல்காரரிடம் சண்டைக்குப் போனது உனக்குத் தெரியும். அவர் இப்போதெல்லாம் எங்கள் மணியை அடிப்பதில்லை, வாசலில் போட்டுவிட்டு ஓடுகிறார். உடையவில்லை, அப்படித்தான் செய்வார்கள் என்று நீ விளக்கிய பிறகு, இடக்கைக்கு ஒரு பாதி, வலக்கைக்கு ஒரு பாதி, நடுவே சுருள் வயர் என்று மேசையில் விரித்து உட்கார்ந்தேன் பார், தோள் இரண்டும் விரிந்து, நெஞ்சு நிமிர்ந்து, ஏதோ சாம்ராஜ்யத்தை ஆளுகிற மாதிரி இருந்தது. பட்டன்கள் மேல் ஓர் எழுத்துமில்லை, எல்லாம் மொட்டை. எந்த எழுத்து எங்கே என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்ற அந்தத் திமிர் இருக்கிறதே, அதுதான் முதல் சறுக்கல். தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்தெல்லாம் வலக்கைப் பக்கம் என்பதை மட்டும் அப்படியே விட்டேன். மற்றபடி என் இஷ்டம். என் தொழில் உனக்குத் தெரியும், அயல்மொழித் தொடர்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுவது. இத்தனை வருடத்தில் என் பாத்திரங்களில் ஒருவர்கூட ‘ஔ’ என்று உச்சரித்ததில்லை. அதை மூலைக்கு நாடு கடத்திவிட்டு, அந்த இடத்தில் ‘ஐயோ’வை முழுச் சொல்லாகக் குடிவைத்தேன். ஒரே பட்டன், ஒரே தட்டு, ‘ஐயோ’. என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

அதோடு நின்றிருக்கலாம். நீதான் மாடி கட்டலாம், அதாவது அதே பட்டன்களுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாய். தரைத்தளத்தில் எழுத்துகள், இன்னொரு பட்டனை அழுத்தினால் முதல் மாடி, அங்கே எண்கள். இடது கட்டைவிரல் பட்டனை அழுத்தினால் இரண்டாம் மாடி, அது உன் விருப்பம் என்றாய். என் கட்டைவிரல்கள் பிறந்ததிலிருந்து சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை. அவற்றுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாம் மாடியைக் கட்டி, அதற்கு ‘அழுகை மாடி’ என்று பெயர் வைத்தேன். அங்கே எழுத்துகள் கிடையாது, ஒரு பட்டனுக்கு ஒரு முழு வசனம். நான் திரும்பத் திரும்ப எழுதுகிற வசனங்களை எல்லாம் குடியேற்றினேன். முற்றுப்புள்ளியைத் தட்டினால் ‘இதுலேருந்து உன்னை யாராலும் காப்பாத்த முடியாது!’ காற்புள்ளியைத் தட்டினால் ‘இந்த உண்மை தெரிஞ்சா இந்தக் குடும்பமே தாங்காது!’ ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் ‘நீ செஞ்ச பாவம் உன்னைச் சும்மா விடாது!’ காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் ஒரு பகுதியை முடித்துவிட்டுத் தூங்கப் போனேன். பழைய கீபோர்டுக்கு இனி என்ன வேலை என்று, ஒரு கால் குட்டையாகிக் குதித்துக்கொண்டிருந்த சலவை எந்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். எந்திரம் கப்சிப்பென்று நின்றது. ஒரே பொருளால் இரண்டு பிரச்சினை தீர்ந்தது என்று உன் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

உன் அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எங்கள் கம்ப்யூட்டரிலேயே மறுநாள் வரவேண்டியவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவாள். எழுத்துகள் எங்கே என்று ஒரு படம் வரைந்து அவளுக்காகச் சுவரில் ஒட்டி வைத்தேன். தரைத்தளத்தின் படம் மட்டும், அதை அவள் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டாள். மாடி ஒன்று இருப்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அவளோ திரையைப் பார்த்து அடிக்கிற பழக்கமே இல்லாதவள். மடியில் வருகைப் பட்டியல், கண் பட்டியலில், விரல் கீபோர்டில், காது என் மேல். அன்றைக்குச் சொல்லின் கடைசியில் இடைவெளி விடப்போன அவள் கட்டைவிரல் பக்கத்துப் பட்டனில் போய் அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் அவள் வைத்த புள்ளியும் குறியும் அழுகை மாடியிலிருந்து கிளம்பியிருக்கின்றன. அனுப்பிவிட்டு, கை துடைத்துக்கொண்டு, ‘இது நல்லாத்தாங்க இருக்கு, விரல் வலிக்கல’ என்று அவள் பாராட்டினதுதான் எனக்குத் தாங்க முடியாத பகுதி.

காலையில் போன் அலறியது. ஒரு லாரி உரிமையாளர், வேர் சிகிச்சைக்காரர். அவருக்குப் போன செய்தி: ‘நாளை காலை உங்கள் வேர் சிகிச்சை இதுலேருந்து உன்னை யாராலும் காப்பாத்த முடியாது!’ அவர் குடும்பத்தோடு கிளம்பி வருகிறாராம், தனியாக வரப் பயமாம். அடுத்தது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதுப் பல்செட்டுக்காகக் காத்திருப்பவர். அவருக்கு, ‘தங்கள் பற்கள் தயார் நீ செஞ்ச பாவம் உன்னைச் சும்மா விடாது!’ அந்த மனிதர் கோபிக்கவே இல்லை. பல் இல்லாத வாயால், குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“யாரும்மா சொன்னாங்க உங்ககிட்ட?”

உன் அக்கா போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், ‘ஐயோ’ என்ற சொல்தான் வந்தது, அதுவும் பட்டனில்லாமல். அவள் மேசைக்கு வந்தாள், சுருள் வயரைப் பிடுங்கினாள், இடது பாதியைக் கைக்குட்டையில் சுற்றினாள், கைப்பையில் சீப்புக்கும் குடைக்கும் நடுவே செருகினாள். “என் வேலை இன்னிக்குத் தப்பிச்சா இதுவும் வீட்டுக்கு வரும்” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

போகட்டும் என்று விடுகிற நாளா அது? தொடரின் கடைசிப் பகுதி. மாமியாரும் மருமகளும் சமாதானமாகிற காட்சி. சாயங்காலத்துக்குள் பக்கங்கள் டப்பிங் கூடத்துக்குப் போயாக வேண்டும். என்னிடம் மிஞ்சியது வலது பாதி, அதாவது மெய்யெழுத்து மட்டும். சரி, முயன்றுதான் பார்ப்போமே என்று ‘அம்மா என்னை மன்னிச்சிடுங்க’ என்று தட்டினேன். ‘ம்மன்னமன்னச்சடங்க’ என்று வந்தது. மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் பேசுகிற மாதிரி. பழைய கீபோர்டை மீட்கலாம் என்று சலவை எந்திரத்துக்கு அடியில் கையை விட்டேன், அது ஏற்கெனவே ஒரு முறை அலசப்பட்டிருந்தது, தட்டினால் நுரை வந்தது, திரும்ப அங்கேயே செருகிவிட்டேன். போனில் தட்டலாம் என்று பார்த்தால், நான் ‘மாமியார்’ என்று தொடங்கும்போதே அது ‘மாத்திரை’ என்று முடித்து வைக்கிறது. அந்த நேரம் பார்த்து டப்பிங் கூடத்து ஒலிப்பதிவுக்காரர் கூப்பிட்டார்.

“சார், பக்கம் வரலையே. மாமியாருக்குக் குரல் குடுக்குறவங்க கொப்பளிச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்காங்க. அவங்க தொண்டை சாயங்காலத்துக்கு மேல நிக்காது.”

“வந்துக்கிட்டே இருக்கு சார். வழியில இருக்கு.”

“இல்ல, முடியலேன்னா சொல்லிடுங்க. தம்பி ஒருத்தர் இருக்காரு, கம்ப்யூட்டரையே எழுத வச்சுடுவாராம். முதலாளி அடுத்த தொடரை அவர்கிட்டயே குடுத்துடலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்காரு.”

மச்சான், அந்த மாமியாரை நான்தான் ஊட்டி வளர்த்தேன். அவளைக் கடைசி நாளில் முன்பின் தெரியாத தம்பி கையில் கொடுக்கவா? என் போனில் சார்ஜ் இல்லை, இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று உன் அக்காவின் மேசை எண்ணைக் கொடுத்தேன். தன் சொந்தக் கீபோர்டு செத்துப் பல வருடமான மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது பாதியை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். கைதட்டு உனக்கு விழுது, கை என்னோடது!

பார்த்தாயா, மறுபடியும். இப்படி ஒரு வசனத்தை நான் எழுதியதாகவே நினைவில்லை. ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. எப்போதோ எழுதி மறந்திருப்பேன், நமக்குத்தான் சரக்குக்குப் பஞ்சமில்லையே.

வரவேற்பு மேசையில் உன் அக்கா உட்கார்ந்திருந்தாள். எதிரே பெஞ்சு நிறைய ஆள். லாரிக்காரர் வீங்கிய கன்னத்தோடும் மொத்தக் குடும்பத்தோடும். ஓரத்தில் தலைமையாசிரியர், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். நான் மேசைக்கு அருகே போனேன்.

“டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க.”

“நான்தாம்மா.”

“தெரியுது. டோக்கன்.”

எடுத்தேன், உட்கார்ந்தேன். என் முறை வந்தது.

“என்ன தொந்தரவு?”

“இடது பக்கம் இல்ல.”

“வலிக்குதா?”

“வலிக்குதும்மா. டப்பிங்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இன்னிக்குப் போகலேன்னா அடுத்த தொடர் கையை விட்டுப் போயிடும்.”

“என் வேலை? டாக்டரம்மா காலையிலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உள்ளேருந்து பல்லு பிடுங்குற சத்தம் மட்டும்தான் வருது.”

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ, நான் கண்ணாடி பார்க்கும்போது அதெல்லாம் தெரிவதில்லை. கைப்பையைத் திறந்து இடது பாதியை எடுத்தாள். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள்.

“இது என் பக்கம்தான் இருக்கும். அந்தக் கட்டைவிரல் பட்டன்ல உங்க விரல் படக்கூடாது. நீங்க உங்க பாதியை அடிங்க, நான் என் பாதியை அடிக்கிறேன்.”

கேட்டியா இந்தக் கூத்தை! மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டு, நடுவே சுருள் வயர். நான் ‘ம’ தட்டுவேன், அவள் ‘ஆ’ தட்டுவாள், அப்போதுதான் ‘மா’. நான் வசனத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் எந்த உயிரைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் பெஞ்சு முழுக்கக் கேட்கும். நடுவே போன் வரும், ‘ம’ பாவம் தனியாக நிற்கும், அவள் “புதன்கிழமை வாங்க” என்று சொல்லி முடித்துவிட்டு வந்து ‘ஆ’ போடுவாள். முதல் பக்கம் முடிவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் எங்களுக்கே தெரியாமல் ஒரு தாளம் வந்துவிட்டது, மச்சான். அவள் விரல் என் விரலுக்குப் பின்னாலேயே வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வேகத்தில் போனது அதுதான் முதல் தடவை, கடைத்தெருவில்கூட அவள் முன்னால்தான் போவாள்.

கடைசிக் காட்சி வந்தது. மருமகள் சொல்கிறாள்: ‘அத்தை, நீங்க எனக்குச் செஞ்ச கொடுமையெல்லாம் நான் மறந்துட்டேன்.’ நான் ‘ம’ தட்டினேன், ‘ற’ தட்டினேன். அந்தப் பக்கம் அசைவில்லை.

“என்னம்மா, போனா?”

“போன் இல்ல. மறந்துட்டேன்னு எப்படிச் சொல்லுவா? பார்க்குற ஒருத்தராவது நம்புவாங்களா?”

“கடைசிப் பகுதிம்மா. சமாதானம் ஆகணும்.”

“ஆகட்டும். பொய் சொல்லாம ஆகட்டும். ‘மறக்கல அத்தை. ஆனா இனிமே ஞாபகப்படுத்த மாட்டேன்’னு சொல்லச் சொல்லுங்க.”

இதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னாள். அது மருமகள் மாமியாருக்குச் சொன்னதா, வேறு யாராவது வேறு யாருக்காவது சொன்னதா என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன். பெஞ்சில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பார்த்தால் லாரிக்காரர், வலியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லையாம். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் என் பாதியைத் தட்டினேன். அவளுக்குப் பிடிக்காத வசனத்துக்கு அவள் பக்கத்திலிருந்து எழுத்து வராது, எழுத்து வராவிட்டால் என் பாதியை வைத்துக்கொண்டு நான் ‘ம்மன்ன’ என்று முனகத்தான் முடியும். அன்றைக்கு என் தொடரில் யாருமே ‘ஐயோ’ என்று சொல்லவில்லை.

அனுப்பினோம். அவள் போன்களுக்குப் பதில் சொன்னாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து லாரிக்காரர் குடும்பத்துக்கு முந்தைய பகுதிகளின் கதையைச் சொன்னேன். மேசை போன் அடித்தது, எனக்குத்தான்.

“சார், மாமியார் குரல் அழுதுட்டாங்க சார்! ஒரே டேக்! முதலாளி கைதட்டினாரு. அந்த ‘ஞாபகப்படுத்த மாட்டேன்’ வசனம் யாரு சார் எழுதினது?”

“நான்தான்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, இத்தனை வருடத்துப் பழக்கம். உன் அக்கா பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தலைமையாசிரியர் எழுந்து நின்று, வகுப்பறைக் குரலில், “அந்தம்மாதான் எழுதினாங்க!” என்று கத்தினார். நல்லவேளை, வாயில் பல் இல்லை, ‘அம்மம்மாமாங்க’ என்றுதான் போனில் கேட்டிருக்கும். யாரோ நோயாளி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் உள்கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. எனக்கும் உன் அக்காவுக்கும் சேர்த்து ஒரே மூச்சுதான் ஓடிற்று.

“அந்த மெசேஜெல்லாம் யார் அனுப்பினது?”

“நான்தான் டாக்டர்” என்றாள் உன் அக்கா. இவள் சொன்ன ‘நான்தான்’ வேறு, நான் சொன்ன ‘நான்தான்’ வேறு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

“வழக்கமா பாதிப் பேர் வரவே மாட்டாங்க. இன்னிக்கு ஒருத்தர் பாக்கியில்ல, நாளைக்கு வரவேண்டியவங்ககூட விஷயத்தைக் கேள்விப்பட்டு இன்னிக்கே வந்துட்டாங்க.” டாக்டரம்மா பெஞ்சை ஒரு முறை பார்த்தார். “இனிமே கொஞ்சம் மரியாதையா அனுப்புங்க. ஆனா அந்த பயம் இருக்கட்டும்.”

உன் அக்கா வேலை தப்பியது, என் வேலையும் தப்பியது. அந்தச் சந்தோஷத்தில் பெஞ்சுக்கு முன்னால் நின்று நான் ஒரு சபதம் செய்தேன்: அழுகை மாடியை இன்றே இடிக்கிறேன், இந்தக் கீபோர்டை அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்புகிறேன், நம் வீட்டில் இனி இரண்டு பாதி கிடையாது. லாரிக்காரர் குடும்பம் கைதட்டியது. அன்று சாயங்காலமே நீ சொல்லிக்கொடுத்த வழியில் மாடியைச் சுத்தமாக அழித்தேன். அதனால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, இடித்த மாடியிலிருந்து யார் குரல் கொடுக்கிறார்கள்? பேசிட்டே இரு, கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான் நிக்கிறேன்.

இதோ, இதைத்தான் சொல்கிறேன். மின்சாரப் பொருளில் இதெல்லாம் சகஜம் போலிருக்கிறது. நீ வந்ததும் பார்த்துக்கொள்.

மற்றபடி வீடு அமைதியாக இருக்கிறது. உன் அக்கா என் மேல் கோபமே இல்லாமல் இருக்கிறாள், இரவு சாப்பிட்டபின் பால்கனியில் நின்று யாரோடோ போனில் மெதுவாகச் சிரித்துப் பேசுகிறாள், கேட்டால் வேலை விஷயம் என்கிறாள். எழுத்து வேலை எனக்கு ஆகாது, உங்க தலைவலி உங்களோட என்று சொல்லிவிட்டாள். அடுத்த தொடரும் எனக்குத்தான் வரும், உறுதியான மாதிரிதான், இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடுவார்கள். ஒரே குறை, சலவை எந்திரம் நேற்றிலிருந்து மறுபடியும் குதிக்கிறது, காரணம் தெரியவில்லை. இதை அச்செடுத்து உறையில் போட்டு உன் அக்காவிடமே கொடுக்கப் போகிறேன். கீபோர்டைப் பார்சல் கட்டி, கடிதத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவதாகத் தானாகவே சொன்னாள். உறையை ஒட்டப்போவதில்லை, அவள் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிறவள் அல்ல.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். கை நிறைய வேலையும் அதில் வலிக்காத மணிக்கட்டுமாக நெடுநாள் வாழுங்கள். மேசையைக் காலி செய்து என்றைக்காவது ஒரு நாள் அதில் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் குறையாத அன்புள்ள
அத்தான்

பி.கு. தம்பி, இது அக்கா. கையாலயே எழுதுறேன். உறை ஒட்டாம இருந்தது, ஒட்டாத கடிதம் கடிதம் இல்ல, நோட்டீஸ். நீ போன்ல சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லாம் சரியா வந்திருக்கு, அவர் மாடியை இடிச்ச இடத்துல நான் என் மாடியைக் கட்டிட்டேன். நடுவுல வந்ததெல்லாம் என் வசனம், புதுத் தொடர் நாயகியோடது. தலைமையாசிரியர் சொன்னது டப்பிங்காரங்களுக்குத் தெளிவாவே கேட்டிருக்கு. அடுத்த நாளே என் மேசை நம்பருக்குக் கூப்பிட்டாங்க. அடுத்த தொடரை நானே எழுத ஒத்துக்கிட்டேன். அவர்கிட்ட ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்னு இருக்கேன், சாப்பிட்ட பிறகு. தனியா விட்டுட மாட்டேன், வலது பாதி அவருக்குத்தான், நான் சொல்லச் சொல்ல அடிக்கட்டும். பார்சல்ல வர்றது சலவை எந்திரத்துக்கு அடியில இருந்த பழைய கீபோர்டு. அதைக் காயவச்சு, ‘ஐயோ’ மட்டும் வர்ற மாதிரி சரிபண்ணி அனுப்பு. அவருக்குன்னு சொந்தமா ஒண்ணு இருக்கட்டும்.